வான் யன்னலுக்குப் போட்ட விளிம்பு ரப்பர் மூலையில் கழன்று வருகிறது

நீர்வேலி வாழைக்காரன் | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோதே புது வான் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். 2025 பெப்ரவரியில் திறந்தார்கள்தான். ஆனால் வரியோடு விலையைக் கேட்டால் தோட்டத்தையே எழுதிக் கொடுக்கவேண்டும் போலிருந்தது. ஆகவே பழைய ஹயஸ் லோட் வான் ஒன்று வாங்கினேன். கிழமை நாட்களில் வாழைக்குலை, ஞாயிற்றுக்கிழமை குடும்பம். அம்மா ஏறி இருந்து பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, றங்குப் பெட்டிக்குள் இருக்கிறமாதிரி" என்றார். அதுதான் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு யன்னல் வெட்டினேன்.

ஓட்டை ஒவ்வொன்றும் 1000 மில்லிமீற்றர் நீளம், 500 உயரம், மூலை வளைவின் ஆரை 80. கண்ணாடியை வெளிப்பக்கத்திலிருந்து கறுப்புப் பிசினால் ஒட்டியாயிற்று, அது தெரிந்த ஒருவர் செய்து தந்தது. உள்ளே வெட்டின தகரம் கையைக் கிழிக்கும் என்பதால் விளிம்பு முழுக்க யூ பீடிங், அதுதான் விளிம்பைக் கவ்வி நிற்கிற யூ வடிவ ரப்பர், போட்டேன். அது மட்டும் என் கைவேலை. கடையில் 10 மீற்றர் சுருளாக வாங்கினேன், ஒரு யன்னலுக்கு 2 மீற்றர் 80 போனது.

இரண்டு கிழமைக்குள் மூன்று பிரச்சினை. நான்கு மூலையிலும் ரப்பர் எழும்பி நிற்கிறது. பொருத்திய இடத்தில் ஒரு விரல் போகிற இடைவெளி விட்டுவிட்டது. போன வெள்ளி மழைக்கு இடது பக்க யன்னலின் கீழ் ரப்பருக்குள் தண்ணீர் தேங்கி, சீற் நனைந்துபோனது. ரப்பர் பிழையா, நான் பிழையா?

சும்மா வந்தவன் | ஞாயிறு, இரவு 8.52

ரப்பருக்குள் சிலிக்கன் நிறைய அடித்துவிட்டுத் திரும்ப அமத்துங்கள். மேலால் கொஞ்சம் கிறீஸ் பூசினால் ரப்பர் காயாது. வேலை முடிந்தது.

கொக்குவில் தகரம் | ஞாயிறு, இரவு 9.15

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 22 வருடமாகத் தகரம் தட்டுகிறேன், சிலிக்கனை வழித்து எடுக்கிற வேலையே பாதி நாளைத் தின்கிறது.

முதலில் ஒன்று விளங்கவேண்டும். யூ பீடிங் தண்ணீர் மறிக்கிற சாமான் இல்லை. அது சேலைக்குக் கரை மாதிரி, விளிம்பை மூடி வைக்கிறது, கை வெட்டாமல் பார்க்கிறது, அவ்வளவுதான். தண்ணீரை மறிப்பது கண்ணாடிக்கும் தகரத்துக்கும் இடையில் இருக்கிற பிசின். ஆகவே தண்ணீர்க் கதை வேறு, ரப்பர் கழலுகிற கதை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவேண்டாம்.

மூன்று கேள்வி. தகரத்தின் தடிப்பு என்ன? ரப்பருக்குள் கம்பி இருக்கிறதா? வெட்டின விளிம்புக்குப் பெயின்ற் அடித்தீர்களா?

நீர்வேலி வாழைக்காரன் | திங்கள், காலை 6.05

பக்கத்து வீட்டு மாமாவிடம் வேர்ணியர் வாங்கி அளந்தேன். பெரும்பாலான இடத்தில் 0.8 மில்லிமீற்றர். உள்சட்டம் வந்து சேருகிற இரண்டு இடத்தில் 2 வரை வருகிறது. ரப்பரின் வாய் 3 மில்லிமீற்றருக்கு மேல் அகலம். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நறுக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் பிளாஸ்ரிக்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெட்டின கையோடு ரப்பரை ஏற்றிவிட்டேன்.

தீவான் | திங்கள், காலை 6.30

பெயின்ற் இல்லாத விளிம்பு! தம்பி, நான் வேலணை. ஒவ்வொரு நாளும் பண்ணைப் பாலத்தால் வந்து போகிறவன். சோளகம் அடிக்கிற மாதங்களில் கடல் தெறித்துக் கண்ணாடி முழுக்க உப்புப் படியும். என் வானில் பின் கதவு ரப்பரை ஒருநாள் இழுத்துப் பார்த்தேன், ரப்பர் திறமாக இருந்தது, அது பிடித்திருந்த தகரத்தைத்தான் காணவில்லை. கறள் தின்று முடித்துவிட்டது. ரப்பர் மேலே மூடி நின்றதால் எனக்குத் தெரியவே இல்லை. நீர்வேலி கடலுக்குத் தூரம் என்று நினைக்காதீர்கள், வாழைக்குலையிலிருந்து வடிகிற தண்ணீரும் பாலும் போதும்.

கொக்குவில் தகரம் | திங்கள், இரவு 9.40

இப்போது கதை வெளிக்கிறது. ஒவ்வொன்றாக வருகிறேன், கொஞ்சம் நீளும்.

0.8 தகரத்தில் 3 மில்லிமீற்றர் வாய் உள்ள ரப்பர் போட்டால் அது பிடிக்காது, சும்மா தொங்கும். பீடிங் வாங்கும்போது "யூ பீடிங் தாருங்கள்" என்று மட்டும் கேட்கக்கூடாது. எத்தனை மில்லிமீற்றர் தகரத்தைப் பிடிக்கும் என்று கேட்கவேண்டும். உங்களுக்கு 1 முதல் 2 வரை பிடிக்கிற ரகம் வேண்டும். பெயின்ற் அடித்தபின் 0.8 என்பது 1 ஆகிவிடும். உள்ளே சிறு சிறு உலோகக் கிளிப் வரிசை உள்ள ரகமாகப் பாருங்கள், அந்தக் கிளிப்தான் தகரத்தைக் கவ்வுகிறது. கையால் வாயை விரித்தால் திரும்ப மூட வேண்டும். விரித்தபடியே நின்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது அளவு. ஓட்டையின் சுற்றளவைக் கணக்குப் பார்ப்போம். மூலை கூராக இருந்தால் 1000, 500, இரண்டையும் கூட்டி இரட்டித்தால் 3000. வளைவு இருப்பதால் மூலைகளில் மிச்சம் வரும், நான்குக்கும் சேர்த்து ஆரையின் 1.72 மடங்கு. 80க்கு அது 138. ஆக 2862. ரப்பரின் முதுகு தகர விளிம்பிலிருந்து சற்று உள்ளே நிற்கும், அதற்கு 12 கழித்தால் 2850. நீங்கள் 2800தான் பாவித்திருக்கிறீர்கள். அந்த 5 சென்ரிமீற்றர் எங்கே போனது? ரப்பரை இழுத்து இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். போடும்போது வடிவாகத்தான் இருந்திருக்கும். வானை வெயிலில் விட்டதும் அது தன் பழைய நீளத்துக்குத் திரும்பிவிட்டது. மூலையைக் குறுக்கால் வெட்டிப் போக எழும்பியது, மிச்சம் பொருத்தில் வாய் விட்டது. உங்கள் முதல் இரண்டு பிரச்சினையும் ஒரே பிரச்சினைதான்.

போடும் முறை: சுருளிலிருந்து வெட்டாமலே தொடங்குங்கள். இழுக்கவே கூடாது, தள்ளித் தள்ளி ஏற்றவேண்டும். மூலைக்கு வந்தால் ரப்பரை வளைவுக்குள் ஊட்டிவிடுங்கள், கொஞ்சம் கூடவே ஊட்டுங்கள். ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் போதும், வீட்டுச் சுத்தியல் வேண்டாம், கிளிப் நசுங்கும். சுற்றி வந்து சேர்ந்ததும் 5 மில்லிமீற்றர் கூடுதலாக வெட்டி, இரண்டு நுனியையும் ஒன்றோடொன்று முட்டவைத்து அமத்துங்கள். அந்தக் கூடுதல்தான் பின்னால் சுருங்கும்போது கைகொடுக்கும்.

இதெல்லாம் பெயின்ற் அடித்தபிறகு. அந்தப் பகுதியை நாளைக்கு எழுதுகிறேன், மனைவி விளக்கை நிற்பாட்டச் சொல்கிறா.

ரொறன்ரோ குளிர் | செவ்வாய், காலை 4.20

இங்கே பழைய வானை வீடாக மாற்றிக்கொண்டு திரிகிற பழக்கம் உண்டு, நானும் ஒன்று செய்தேன், யன்னல் ஐந்து வெட்டினேன். மூலையில் ரப்பர் மடிந்து சுருங்கினால் வி வடிவத்தில் துண்டு வெட்டி எடுத்துவிடுங்கள், வடிவாக வளையும். தலைமயிர் உலர்த்துகிற இயந்திரத்தால் சூடு காட்டியும் வளைக்கலாம். பொருத்து கட்டாயம் கீழே நடுவில் வரட்டும். உள்ளே போன தண்ணீர் வடிய வழி வேண்டும், மேலே பொருத்து வைத்தால் சூட்டுக்கு நுனி தொங்கிவிடும்.

குளிருக்கு இங்கே றோட்டில் உப்புப் போடுவார்கள். ஆகவே தீவான் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. ஊரில் கடல் செய்கிற வேலையை இங்கே நகரசபை செய்கிறது.

கொக்குவில் தகரம் | செவ்வாய், பகல் 12.50

ரொறன்ரோ அண்ணை, குறை நினைக்கவேண்டாம், வி வெட்டு இந்த இடத்துக்கு இல்லை. தகரத்தின் வெளிமூலையைச் சுற்றிப் போடும்போது, உதாரணமாகப் பொனற்றின் நுனியில், ரப்பரின் கால்கள் உள்வளைவில் வந்து நெருக்கப்படும். அங்கே வி வெட்டி இடம் விடவேண்டும். யன்னல் ஓட்டையில் எல்லாம் மறுவளம். முதுகு உள்ளே, கால்கள் வெளியே. கால்கள் விரியத்தான் இடம் கேட்கும். அங்கே வி வெட்டினால் விரிந்து பெரிய ஓட்டையாகும். பிளேட்டால் கால்களில் மட்டும் ஒரு கீறல் விட்டால் போதும், தானாக விசிறி மாதிரி விரியும். முதுகைத் தொடக்கூடாது. 80 ஆரைக்கு நல்ல ரகமென்றால் கீறலும் தேவைப்படாது.

சூடு காட்டுவது சரி. இங்கே அதற்கு இயந்திரம் வேண்டாம், சுருளைப் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் அரைமணி நேரம் விரித்துப் போட்டாலே கயிறு மாதிரி வந்துவிடும்.

இனிப் பெயின்ற். ரப்பர் முழுவதையும் கழற்றுங்கள். விளிம்பில் இருக்கிற பிசிரை அரத்தால் தேய்த்து, விரலால் தடவினால் கீறாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். கறள் நிறம் தெரிந்தால் மினுங்கும்வரை தேய்க்கவேண்டும். துத்தநாகம் கலந்த பிறைமர் ஒரு பூச்சு, காய்ந்தபின் வானின் நிறத்தில் இரண்டு பூச்சு. தூரிகையால் விளிம்பின் வெட்டு முகத்துக்கும் பூசுங்கள், கனபேர் இரண்டு பக்கமும் அடித்துவிட்டு அந்த முகத்தை விட்டுவிடுவார்கள். ஒரு முழு நாள் காயவிடுங்கள். ஈரப் பெயின்றில் ரப்பர் ஏற்றினால் பெயின்ற் ரப்பரோடு உரிந்து வந்துவிடும்.

இன்னொன்று: வெட்டும்போது பறந்த இரும்புத்தூள். தரையில், கதவின் கீழ்ச் சந்தில், எல்லா இடமும் இருக்கும். ஒரு மழைக்கு ஒவ்வொரு தூளும் ஒரு கறள் புள்ளி. காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றித் துழாவி எடுங்கள்.

சும்மா வந்தவன் | செவ்வாய், பகல் 1.05

சிலிக்கன் அடித்தால் இவ்வளவும் தேவையில்லையே?

பழைய கராஜ் | செவ்வாய், மாலை 5.30

சிலிக்கன் அடிக்கிற தம்பிக்கு ஒரு வார்த்தை. மூடியைத் திறந்ததும் வினாகிரி மணக்கிற சிலிக்கன் இருக்கிறதே, அதிலிருந்து வருவது அசற்றிக் அமிலம். வெறும் தகரத்தில் படிந்தால் உள்ளுக்குள்ளேயே கறளைத் தொடக்கிவைக்கும். அடிக்கத்தான் வேண்டுமென்றால் மணக்காத ரகம் இருக்கிறது. கிறீஸ் அதைவிட மோசம். யன்னல் ரப்பராக வருகிற நல்ல கறுப்பு ரகம், இபிடிஎம் என்பார்கள், வெயிலுக்கு வருடக்கணக்கில் நிற்கும், ஆனால் எண்ணெயும் கிறீஸும் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். ஏற்றுவதற்கு வழுக்கல் வேண்டுமென்றால் சவர்க்காரத் தண்ணீர் போதும், காய்ந்ததும் போய்விடும்.

என்னுடைய காலத்தில் இப்படி உள்ளே ஒன்று வெளியே ஒன்று இல்லை. மொறிஸ் மைனரின் முன்கண்ணாடியை ரப்பர்தான் தாங்கியது. ரப்பரை முதலில் கண்ணாடியைச் சுற்றிப் போடுவோம். தகரம் போய் உட்காரவேண்டிய வாய்க்காலுக்குள் ஒரு நைலோன் நூலைச் சுற்றவர வைத்து, இரண்டு நுனியையும் கீழே ஒன்றின்மேல் ஒன்று தாண்டவிட்டு உள்ளே தொங்கவிடுவோம். வெளியே ஒருவர் உள்ளங்கையால் அமத்த, உள்ளே இருப்பவர் நூலை மெல்ல இழுப்பார். நூல் வர வர ரப்பரின் உதடு தகரத்துக்கு மேலால் புரண்டு ஏறும். நான்கு கையும் ஒரே மூச்சில் போகவேண்டும். அவசரப்பட்டு இழுக்கிற பொடியனை நான் உள்ளே விடுவதில்லை, உதடு கிழிந்தால் புது ரப்பருக்கு எங்கே போவது?

தொண்ணூறுகளில் உண்மையிலேயே போக இடமில்லை. தடை போட்ட காலம். கார்களே பெற்றோலைக் கொஞ்சம் காட்டிப் பற்றவைத்து மண்ணெண்ணெயில் ஓடின. யன்னல் ரப்பருக்குச் சைக்கிள் ரியூபை நீளத்துக்குக் கீறி, சொலூசன் பூசி ஒட்டுவோம். ஒரு கோடையில் வெடித்துப்போகும். ரியூப் வெயிலுக்கும் காற்றில் இருக்கிற ஓசோனுக்கும் தாங்காது என்று பிறகுதான் தெரியும். 1876இல் ஹெனரத்கொடவில் ரப்பர் மரம் நட்ட நாடு இது, எங்களுக்கு ஒரு முழம் யன்னல் ரப்பர் கிடையாது. அந்த நேரம் கொடிகாமம், பருத்தித்துறைப் பக்கம் தட்டிவான் ஓட்டியவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். கண்ணாடியே இல்லை, ஒழுகுகிற கவலையும் இல்லை!

பொருத்து மேலேதான் வரவேண்டும். கீழே எப்போதும் தண்ணீர் நிற்கும்.

ரொறன்ரோ குளிர் | செவ்வாய், இரவு 10.10

ஐயா, கீழே. வாசித்த குறிப்பெல்லாம் கீழே என்றுதான் சொல்கிறது.

பழைய கராஜ் | செவ்வாய், இரவு 10.25

குறிப்பு எழுதியவர் ஐப்பசி கார்த்திகையில் வாடை மழைக்கு வான் ஓட்டியிருக்கமாட்டார்.

காலை ஆறரை | புதன், காலை 9.20

பிள்ளைகளை இறக்கிவிட்டு இப்போதுதான் நேரம். பள்ளிக்கூட வான் ஓட்டுகிறேன், இருபது கை ஒவ்வொரு நாளும் என் ரப்பரைச் சோதிக்கும். பொருத்து மேலேயா கீழேயா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. பிள்ளைகளின் விரல் எட்டாத இடத்தில் வரட்டும். நுனி கையில் அகப்பட்டால் வீட்டுக்கு வருவதற்குள் ஒரு பாகம் ரப்பர் மடியில் இருக்கும். நான் சீற்றின் முதுகுக்குப் பின்னால் மறைகிற பக்கத்தில் வைத்தேன், இரண்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லை. உள்ளே போடுகிற பீடிங்குக்கு மழை படாதே, பிறகென்ன மேலே கீழே?

தம்பி, கண்ணாடி மோட்டார் வாகனத்துக்கான கடினப்படுத்திய கண்ணாடிதானே? வீட்டு யன்னல் கண்ணாடியை வெட்டிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், உடைந்தால் கத்தி. அதோடு லோட் வானைக் குடும்ப வானாக ஓட்டுவதென்றால் பதிவுப் புத்தகத்து விசயத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். யன்னலைவிடச் சீற்தான் அவர்களுக்குக் கணக்கு.

கடைசியாக, உங்கள் தண்ணீர். மேலே கரியர் பூட்டியிருக்கிறீர்களா?

நீர்வேலி வாழைக்காரன் | புதன், இரவு 7.15

அக்கா, கண்ணாடி வாகனக் கண்ணாடிதான், மூலையில் முத்திரை இருக்கிறது. புத்தக விசயம் அடுத்த கிழமை.

கரியர் பூட்டியிருக்கிறேன், குலை ஏற்ற. ஏன் கேட்கிறீர்கள்?

காலை ஆறரை | புதன், இரவு 7.30

எத்தனை ஓட்டை போட்டீர்கள்?

கொக்குவில் தகரம் | புதன், இரவு 8.00

அக்கா பிடித்துவிட்டா. எனக்கு அந்த யோசனையே வரவில்லை. தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஹோஸ் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஒருவர் ரோச் லைற்றோடு இருக்கட்டும். கீழிருந்து தொடங்கவேண்டும். முதலில் யன்னலின் கீழ் விளிம்புக்கு மட்டும் ஐந்து நிமிடம், பிறகு பக்கம், பிறகு மேல் விளிம்பு, கடைசியாகக் கூரை. எடுத்தவுடனே கூரையில் பிடித்தால் தண்ணீர் எல்லா இடத்தாலும் ஓடும், எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ரப்பரைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். உள்விளிம்பில் சோக்குத்தூள் பூசினால் தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும்.

நீர்வேலி வாழைக்காரன் | ஞாயிறு, மாலை 6.20

செய்து முடித்துவிட்டேன். தம்பி வெளியே ஹோஸ், நான் உள்ளே.

யன்னலின் கீழே பிடித்தான், ஒன்றுமில்லை. பக்கம், ஒன்றுமில்லை. மேல் விளிம்பு, சோக்குத்தூள் அப்படியே இருந்தது. கூரைக்குப் போனதும் மூன்று நிமிடத்தில் இடது பக்கம் உட்தகரத்துக்கும் வெளித்தகரத்துக்கும் நடுவால் ஒரு கோடு இறங்கி வந்து யன்னலின் மேல் வெட்டு விளிம்பால் எட்டிப் பார்த்தது. அங்கிருந்து வளைவால் வழிந்து கீழ் விளிம்பில் போய் நின்றது. கரியரின் முன்பக்க போல்ற் ஓட்டைதான். முந்தி இந்தத் தண்ணீர் எங்கேயோ கதவடியில் போய் யாருக்கும் தெரியாமல் நின்றிருக்கும். யன்னல் வெட்டியதால் எனக்குக் காட்டிக்கொடுத்தது. ஒட்டித் தந்தவரை மனதுக்குள் ஒரு கிழமையாகத் திட்டிக்கொண்டிருந்தேன், நாளைக்கு இரண்டு சீப்பு கதலி கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

நான்கு போல்ற்றையும் கழற்றி, ஓட்டை விளிம்புக்குப் பெயின்ற் அடித்து, ரப்பர் வாசரும் மணக்காத சிலிக்கனும் போட்டுத் திரும்பப் பூட்டினேன். சும்மா வந்தவருக்குச் சந்தோசமாக இருக்கட்டும், சிலிக்கன் பாவித்தாயிற்று.

விளிம்பில் இடது யன்னலில் மட்டும் கறள் தொடங்கியிருந்தது, தேய்த்ததும் போய்விட்டது. பிறைமர், பெயின்ற், ஒன்றரை நாள் காயவிட்டேன். கம்பியுள்ள 1 முதல் 2 வரை பிடிக்கிற பீடிங் ரவுணில் மூன்று கடை ஏறி இறங்கியும் இல்லை, கொழும்புக்குப் போன மச்சான் பஞ்சிகாவத்தையில் எடுத்து வந்தார். இந்தமுறை ஒரு யன்னலுக்கு 2 மீற்றர் 86 போனது. கணக்கு ஒரு சென்ரிமீற்றர்தான் விலகியது, தகரம் அண்ணைக்கு வணக்கம். மூலை கீறலில்லாமலே உட்கார்ந்தது.

பொருத்தை இடது யன்னலில் மேலேயும் வலது யன்னலில் கீழேயும் வைத்திருக்கிறேன். ஐயாவும் ரொறன்ரோ அண்ணையும் மார்கழி முடிய வந்து பார்க்கலாம்.

பழைய கராஜ் | ஞாயிறு, மாலை 6.45

மழை அடிக்கிற பக்கம் எது என்று பார்த்தா வைத்தீர்?

நீர்வேலி வாழைக்காரன் | ஞாயிறு, மாலை 6.50

இல்லை ஐயா. வானை முற்றத்தில் திருப்பித் திருப்பி விடவேண்டியதுதான்.

தீவான் | ஞாயிறு, இரவு 9.05

பழைய கம்பியில்லாத ரப்பர் மிச்சமிருந்தால் எறியவேண்டாம். கிணற்றடித் தகரக் கதவு விளிம்பு மனுசியின் சேலையைப் பிடித்துக் கிழிக்கிறது. நாலு மீற்றர் காணும். சந்தைக்கு வரும்போது எடுத்து வாருங்கள், ஒடியற்கூழுக்கு நண்டு தருகிறேன்.